அக்கா எங்களோடு உட்கார்ந்து உண்டது

உறவினர்களும் நண்பர்களும் தேதி பிசகாமல் அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக, நிகழ்ந்தவற்றை மட்டும் முதலில் தருகிறேன்.

1954 ஜூன்: அரக்கோணத்தில், பெற்றோரின் முதல் குழந்தையாக அக்கா பிறந்தார்.
1961: தந்தையாருக்குச் செகந்திராபாத் ரயில்வே பணிமனையில் பிட்டர் வேலை. குடும்பம் ரயில்வே குடியிருப்புக்கு வந்தது.
1973: நாச்சாரத்தில் ஒரு மருந்து ஆலையில், மாத்திரை பொதியும் பிரிவில் அக்கா வேலைக்குச் சேர்ந்தார்.
1979: திருமணம். 1983: மகள் கவிதா பிறந்தாள்.
2009: அக்காவின் கணவர், எங்கள் மாமா, காலமானார்.
2012: பணி ஓய்வு.
2020 டிசம்பர்: நாக்கின் இடது ஓரத்தில் புண்.
2021 செப்டம்பர்: சதை எடுத்துச் சோதித்ததில் புற்றுநோய் உறுதியானது.
2021 அக்டோபர்: அறுவை சிகிச்சை. நாக்கின் இடப்பாதியும், இடது கீழ்த்தாடையில் ஒரு பகுதியும், கழுத்தின் நெறிக்கட்டிகளும் அகற்றப்பட்டன. தொடைத் தசையைக் கொண்டு நாக்கு சீரமைக்கப்பட்டது.
2021 டிசம்பர் முதல் 2022 ஜனவரி வரை: முப்பது முறை கதிர்வீச்சு.
2022 மே: மூக்குவழி உணவுக்குழாய் எடுக்கப்பட்டது.
2022 நவம்பர்: முதல் கூட்டுச் சாப்பாடு.
2023 ஆகஸ்ட்: கவிதாவின் கச்சிபௌலி வீட்டுப் புதுமனை புகுவிழாவில் அக்கா முதல் பந்தியில் அமர்ந்து உண்டார்.
2024 ஏப்ரல்: நோய் கழுத்திலும் நுரையீரலிலும் திரும்பியது.
2024 நவம்பர் 16, சனிக்கிழமை, காலை 9.40: அக்கா காலமானார்.

2020 டிசம்பருக்கும் 2021 செப்டம்பருக்கும் நடுவே ஒன்பது மாதங்கள் இருக்கின்றன. மேலேயுள்ள வரிசையில் அங்கே ஒன்றும் குறிக்கப்படவில்லை. இக்கட்டுரை நன்றி சொல்வதற்காக எழுதப்படுவது. எனினும் அந்த ஒன்பது மாதங்களைச் சொல்லாமல் நன்றியைத் தொடங்கினால் அது முழுமை பெறாது.

ஏழு வயதில் இவ்வூருக்கு வந்த அக்கா, குடியிருப்பின் தண்ணீர்க் குழாயடியில் தெலுங்கும் தக்கணி இந்தியும் கற்றார். எங்கள் தாயார் ஆஸ்துமா நோயாளி. பன்னிரண்டாம் வயதிலிருந்து வீட்டு அடுப்பு அக்காவுடையது. தந்தையாருக்கும் எனக்கும் பரிமாறுவார். தாயாருக்குக் கஞ்சி கொடுப்பார். எல்லாரும் எழுந்த பிறகு சமையலறையில் தாம் உண்பார். ஆலையில் சேர்ந்த பிறகும், மணமான பிறகும், மாமா மறைந்த பிறகும் இந்த வரிசை மாறவில்லை. நம் வீடுகளில் இது ஒரு செய்தியாகவே கருதப்படுவதில்லை.

ஆலையில் அவருடைய வேலை, ஓடும் பட்டையில் வரும் மாத்திரைகளைப் பார்த்துக்கொண்டிருந்து, விளிம்பு உடைந்ததையும் நிறம் மங்கியதையும் பொறுக்கி எடுப்பது. முப்பத்தொன்பது ஆண்டுகள் அதைச் செய்தார். அந்தச் சம்பளத்தில் என் பட்டப்படிப்பும் ஆராய்ச்சிப் படிப்பும் நடந்தன. நான் வேதியியல் பேராசிரியரானேன். பார்த்தது எதுவோ அதை மட்டும் எழுதுங்கள், நினைத்ததை எழுதாதீர்கள் என்று முப்பத்து நான்கு ஆண்டுகள் மாணவர்களுக்குச் சொன்னேன்.

2015-இல் என் மனைவி மறைந்தாள். அதன்பின் தினமும் பகலுணவுக்கு நான் அக்காவின் நாச்சாரம் வீட்டுக்குச் சென்றேன். இரண்டு தெரு தூரம். அக்கா பரிமாறுவார், நான் உண்பேன், இருவரும் சற்று நேரம் பேசுவோம், நான் எழுந்து வந்துவிடுவேன்.

அக்கா முன்பு சனிக்கிழமையும் ஏகாதசியும் மட்டும் விரதம் இருப்பவர். 2021-இல் தை பிறந்ததும் வியாழனைச் சேர்த்துக்கொண்டார். பிறகு சஷ்டி. பிறகு பிரதோஷம், சங்கடஹர சதுர்த்தி. ஆடி வந்தபோது வாரத்தில் விரதமற்ற நாட்கள் இரண்டோ மூன்றோதான். எடை குறைந்தது. பக்கத்து வீட்டுப் பெண்மணி, "எப்படிம்மா இப்படி இளைச்சீங்க? எனக்கும் சொல்லுங்களேன்" என்று கேட்டதை நான் காதால் கேட்டேன். அரக்கோணத்துச் சித்தப்பாவிடம் தொலைபேசியில், "அக்கா வரவரத் தவசி ஆயிட்டாங்க" என்று பெருமையோடு சொன்னவனும் நான்தான். இந்நினைவு மலரைப் பெறுவோரில் பலரிடமும் அதைச் சொல்லியிருக்கிறேன்.

அதே மாதங்களில் அவர் வீட்டு முருங்கை மரத்தடியில் மணத்தக்காளிச் செடி வளர்ந்தது. குளிர்சாதனப் பெட்டியில் தேங்காய்ப்பால் இருந்தது. அலமாரியில் போரிக் கிளிசரின் இருந்தது. வாய்ப்புண்ணுக்கு நம்மவர் செய்யும் மூன்று வைத்தியங்களும் என் கண்முன் இருந்தன.

செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை, உண்டு கிளம்பிய பிறகு மூக்குக் கண்ணாடியை விட்டுவிட்டது நினைவுக்கு வந்து, மூன்று மணியளவில் திரும்பச் சென்றேன். கதவு சாத்தியிருக்கவில்லை. அக்கா சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தார். பாலில் ஊறிய பன்னைக் கிள்ளி, தலையை வலப்பக்கம் சாய்த்து, விரலால் உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார். மடியில் ஒரு துண்டு இருந்தது. அதன் ஓரத்தில் இரத்தம் இருந்தது.

"இன்னாடா, சொல்லாம கொள்ளாம வந்து நிக்கிற?" என்றார்.

"கண்ணாடிய விட்டுட்டேன்க்கா."

"டிவி மேல கீது. எடுத்துகினு போ."

"இன்னிக்கி விரதம்னு சொன்னியே?"

"விரதந்தான். பாலு சாப்ட்லாம்."

"பன்னு?"

அக்கா துண்டை மடித்துப் புடவைக்கடியில் வைத்துக்கொண்டார்.

"வாயத் தொறக்கா."

"நக்கோ," என்றார். வேண்டாம் என்பதற்குக் குழாயடியில் கற்ற சொல். பிடிவாதம் வரும்போது அவருக்கு அதுதான் வாயில் வரும். சற்றுக் கழித்துத் திறந்தார்.

அறுவை சிகிச்சைக்கு முந்தைய மாலை, மருத்துவமனையில், ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவருடைய பழைய குரலில் நான் கேட்ட கடைசி உரையாடல் அது.

"இன்னா நோவுன்னு எனக்குத் தெரியுமாடா? வலிக்குதுன்னுதான் தெரியும். வலிக்குதுன்னு சொன்னா நீ தட்ட வச்சிட்டு என் மூஞ்சியையே பாத்துகினு இருப்ப. நா சமைக்கிறத சாப்ட்றதுக்கு நீ ஒருத்தன்தான் மிச்சம்."

கேட்பவர்கள் எல்லாரும் முதலில் கேட்டது, அக்கா புகையிலை போடுவாரா என்பதே. அவர் வெற்றிலைகூடப் போட்டதில்லை. கூரான கடைவாய்ப் பல் ஒன்று பல ஆண்டுகளாக நாக்கை உராய்ந்தது காரணமாயிருக்கலாம் என்று மருத்துவர் சொன்னார்; உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் சொன்னார். தொடக்கத்தில் நான், "இல்லை, அவர் போட்டதே இல்லை" என்று விரைந்து பதில் சொன்னேன். போட்ட பெண்களும் மருத்துவமனையின் அதே வராந்தாவில், அதே நாற்காலிகளில், அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருநாள் அவர்களில் ஒருவர் தலை குனிந்ததைக் கண்டபின் அந்தப் பதிலை நிறுத்திவிட்டேன்.

அறுவைக்குப் பின் பன்னிரண்டாம் நாள் அக்கா கண்ணாடி கேட்டார். கவிதா தயங்கினாள். கொடுத்தாள். அக்கா நெடுநேரம் பார்த்துவிட்டு, சிலேட்டை வாங்கி எழுதினார்: "ஒரு பக்கம் அரக்கோணம், ஒரு பக்கம் காச்சிகூடா. நடுவுல தண்டவாளம்." காச்சிகூடா இந்நகரின் ஒரு ரயில் நிலையம்; தையல் போட்ட கோட்டைத்தான் தண்டவாளம் என்றார். கவிதா சிரித்துக்கொண்டே அழுதாள்.

பின்வரும் மாதங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கதிர்வீச்சால் உமிழ்நீர் வற்றியது. கழுத்தைத் திருப்ப முடியாமல் தோளோடு திரும்பினார். வாய் இறுகிவிடாதிருக்க, ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கிடையே வைத்துப் பயிற்சி செய்தார். ஆறு குச்சியில் தொடங்கிப் பதினைந்து வரை கொண்டுவந்தார். பேச்சு குழறியது. இனி இக்கட்டுரையில் வரும் அக்காவின் சொற்களை, அவை ஒலித்தபடி எழுதாமல், எங்களுக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். கவிதா ஐந்து மாதம் விடுப்பெடுத்துக் குழாய்வழி உணவூட்டினாள். மே மாதத்தில் குழாயை எடுத்தார்கள். மறுவாரமே அக்கா அடுப்பருகில் நின்றார்.

ஜூனில் ஓர் உறவினர் வீட்டு நிச்சயதார்த்தம். அக்கா தாமே வருவதாகச் சொன்னார். நல்ல பட்டுப்புடவை உடுத்தி, தோளில் ஒரு வெள்ளைத் துண்டும் போட்டுக்கொண்டார். பந்தி தொடங்கும் நேரத்தில் வீட்டார் என்னிடம் மிக அன்பாக, "அக்காவுக்கு உள்ள ரூம்ல எல போட்டுடட்டுமா? கூட்டத்துல கஷ்டப்பட வேணாமே" என்று கேட்டார்கள். "ஆமாம், அது வசதியா இருக்கும்" என்றேன் நான்.

அந்த அறையில் வரிசைத் தட்டுகளும் பரிசுப் பொட்டலங்களும் இருந்தன. நான் உண்டு முடித்து எட்டிப் பார்த்தபோது, அக்கா இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். பரிமாறியது பரிமாறியபடியே இருந்தது.

காரில் திரும்பும்போது சொன்னார்: "கேட்டவங்க மேல ஒண்ணும் தப்பில்ல. நல்ல மனசுலதான் கேட்டாங்க. எனக்குப் பதிலா நீ ஏண்டா சரின்னு சொன்ன?"

அந்த வீட்டார் இதைப் படிப்பார்கள். அவர்கள் வருந்த ஏதுமில்லை. அக்கா சொன்னதையே நானும் மீண்டும் சொல்கிறேன்.

அன்றிலிருந்து ஐந்து மாதங்கள் அக்கா யார் முன்னாலும் உண்ணவில்லை. எனக்குப் பரிமாறுவார். நான் கையலம்பியதும் மிக்சியில் சோற்றை அரைத்து எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்த் தாழிட்டுக்கொள்வார். கவிதா வந்தாலும் அப்படித்தான். தட்டைத் தாமே கழுவுவார். கல்யாணங்களுக்கு மொய்க்கவர் மட்டும் என்னிடம் கொடுத்தனுப்புவார். முன்பு சமையலறையில் தனியே உண்டவர், இப்போது பூட்டிய அறையில் தனியே உண்டார். முன்னது வழக்கம். பின்னதற்குக் காரணம் நான்.

விழுங்கும் பயிற்சி தரும் ஸ்வாதி என்ற இளம் பெண், அக்டோபர் மாதப் பரிசோதனையின்போது இதைக் கண்டுபிடித்தார். "அம்மா, மீரு ஒண்டரிகா தினகூடது," என்றார் தெலுங்கில். தனியாக உண்ணக் கூடாது. புரையேறினால் பார்க்க ஆள் வேண்டும் என்பது பொருள். அக்கா தலையாட்டிவிட்டு வெளியே வந்து உட்கார்ந்தார்.

பக்கத்து நாற்காலியில் கருப்புப் பர்தாவும் முகத்திரையுமாக ஒரு பெண்மணி. மௌலாலியில் தையல் வகுப்பு நடத்தும் ஷாஹீன் பேகம். இடது கன்னத்தில் அறுவை செய்துகொண்டவர். அறைக்கதவு திறந்திருந்ததால் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். அவர்கள் பேசியது தக்கணி இந்தியில், தமிழில் தருகிறேன்.

"கைக்கு ஜி? எதுக்குத் தனியா சாப்பிடறீங்க?"

"சோறு வாயில நிக்கல. வெளிய விழுது."

"ஹவ், ஆமா, எனக்கும்தான் விழுது. எங்க வீட்டுக்கு வாங்க, ரெண்டு பேருமாச் சேந்து கொட்டலாம்."

அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தார். தோளோடு.

"நீங்க திரை போட்டிருக்கீங்க. ஒங்களுக்கு என்னா?"

"அதான் சொல்றேன். எனக்கு ஆண்டவன் மொதல்லயே ஏற்பாடு பண்ணிட்டான். ஒங்களுக்கு கொரோனா மாஸ்க்கும் போயிடுச்சி, பாவம்."

ஓராண்டில் அக்கா வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது அன்றுதான். சிரிப்பும் மாறித்தான் போயிருந்தது. வராந்தாவில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இருவரும் பொருட்படுத்தவில்லை.

இப்படித்தான் கூட்டுச் சாப்பாடு தொடங்கியது. மாதந்தோறும் இரண்டாம் சனிக்கிழமை, ஒருவர் வீட்டில். முதல் முறை மௌலாலியில் மூவர்: அக்கா, ஷாஹீன் பேகம், காய்கறிக் கடைக்காரர் லக்ஷ்மம்மா. லக்ஷ்மம்மா ஸ்ரீகாகுளம் கடற்கரைப் பக்கத்தவர். அங்கே வயதான பெண்கள் சுருட்டின் நெருப்பு முனையை வாய்க்குள் வைத்துப் புகைப்பார்கள். அவரும் நாற்பது ஆண்டுகள் அப்படிப் புகைத்தவர், மேலண்ணத்தை இழந்தவர். புகைத்தாயா என்று கேட்டால், "ஆமா, தூங்கும்போது மட்டும் இல்ல" என்பார். பிற்பாடு இன்னும் மூவர் சேர்ந்தனர்.

விதிகளை ஷாஹீன் பேகம் வகுத்தார். யாரும் யாரையும் "போதுமா" என்று கேட்கக் கூடாது. சோறு விழுந்தால் மன்னிப்புக் கேட்கக் கூடாது. வாயில் கவளம் இருக்கும்போது பேசவோ சிரிக்கவோ கூடாது, புரையேறும். ஆண்களுக்கு இடம் வாசலில்.

வாசலில் நானும், ஷாஹீன் பேகத்தின் கணவர் கரீம் சாகிபும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருப்போம். அவர் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர்.

"ப்ரொஃபசர் சாப், உள்ள என்ன பாடம் நடக்குது?" என்பார்.

"தெரியவில்லை. எனக்கு அட்மிஷன் கிடைக்கவில்லை," என்பேன்.

"முப்பது வருசம் பஸ் ஓட்டினேன். எத்தனையோ பேர எறக்கி விட்டிருக்கேன். என் வீட்லயே என்ன எறக்கி விட்டுட்டாங்க, பாருங்க."

உள்ளே நெடுநேரம் கரண்டிச் சத்தம் மட்டும் கேட்கும். பிறகு திடீரென்று எல்லாரும் சேர்ந்து சிரிப்பார்கள். கவளம் உள்ளே போய்விட்டது என்று கரீம் சாகிப் எனக்கு விளக்குவார். லக்ஷ்மம்மா விதியை மீறி, மற்றவர் வாயில் சோறு இருக்கும்போது மூஞ்சியைக் கோணிக் காட்டுவாராம். "ஆல்ரெடி கோணல்தான், இன்னும் என்னா கோண்றது" என்று அக்கா அதட்டுவாராம்.

ஷாஹீன் பேகம் அவர்களுக்காக ஹலீம் செய்தார். கோதுமையும் இறைச்சியும் குழையக் குழைய இடித்துக் கிண்டி, மிளகாயை அறவே விட்டு, நெய்யை இரட்டிப்பாக்கி. தொண்டையில் அது தானாக இறங்கியது என்று அக்கா சொன்னார். திரும்பி வரும்போதுதான் எனக்கு உறைத்தது, அன்று சனிக்கிழமை.

"அக்கா, பெருமாள் விரதம்?"

"பெருமாளுக்குத் தெரியும்டா, நா எத்தினி சனிக்கெழம அவர் பேரச் சொல்லிப் பொய் சொன்னேன்னு. அதுக்கெல்லாம் சேத்து இப்ப சாப்ட்றேன்னு வச்சிக்க."

2023 பிப்ரவரியில் அக்காவின் முறை. நாச்சாரம் வீட்டு வாசலில் நாங்கள் இருவரும் வழக்கம்போல் உட்கார்ந்திருந்தோம். அக்கா வெளியே வந்தார்.

"தம்பி, உள்ள வா. பாய், நீங்களும் வாங்க. எல போட்டாச்சி."

"நாங்க அப்பறம் சாப்ட்றோம்க்கா."

"அப்பறம்லாம் இல்ல. நானும் உக்கார்றேன்."

ஷாஹீன் பேகம் முகத்திரையை எடுக்காமல் கணவருக்குப் பக்கத்தில் அமர்ந்து, திரையின் கீழே கரண்டியைக் கொண்டுபோய் உண்டார். அக்கா எனக்கு நேர் எதிரே அமர்ந்தார். எனக்கு அப்போது அறுபத்தைந்து வயது. அக்காவும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து உண்பது அதுவே முதல் முறை. உடல்நலம் இருந்த காலத்தில் அவர் எப்படி உண்டார், எதை முதலில் எடுத்தார், எந்தக் கறியை விரும்பினார் என்பது எனக்குத் தெரியாது என்பதை அப்போது உணர்ந்தேன்.

எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சுவரைப் பார்த்தேன்.

"சொவத்துல இன்னா கீது? இங்க பாரு," என்றார் அக்கா. "ஒரு தடவ நல்லாப் பாத்துக்க. அப்பறம் ஒன் சோத்தச் சாப்டு."

பார்த்தேன். சிறு கரண்டியில் மசித்த சோற்றை எடுத்து நாக்கின் வலப்பக்கம் வைத்தார். தலையை வலப்பக்கம் சாய்த்தார். மோவாயை நெஞ்சோடு ஒட்டி ஒருமுறை விழுங்கினார். வெறும் வாயால் மறுமுறை விழுங்கினார். ஒரு வாய் தண்ணீர். இடது கடைவாயைத் துண்டால் ஒற்றினார். அடுத்த கரண்டி. அவசரமே இல்லை. அதில் அருவருக்க எதுவும் இல்லை. கடினமான ஒரு வேலையைத் தெரிந்தவர் செய்யும் நேர்த்தி இருந்தது.

நான் பத்து நிமிடத்தில் முடித்து, பழக்கத்தால் எழுந்தேன்.

"எங்க போற? உக்காரு."

அவர் முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேலானது. உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகு தினமும் பகலில் எதிரெதிரே அமர்ந்தே உண்டோம். நான் மெதுவாக உண்ணக் கற்றுக்கொண்டேன். அவருக்குப் பிடித்தது கத்தரிக்காய் என்பதையும் தெரிந்துகொண்டேன். என் வாழ்வில் பெற்ற கல்விகளில் இதை நான் பெரிதாகக் கருதுகிறேன்.

ஆனால் அக்காவுக்கு வேறொன்று பாக்கி இருந்தது. வீட்டுக்குள் உண்பது ஒன்று. உறவினர் நிறைந்த பந்தியில் உட்காருவது மற்றொன்று. "அந்த ரூம்லேருந்து நா இன்னும் வெளிய வரலடா," என்று ஒருமுறை சொன்னார்.

அவ்வாண்டு ஆவணியில் கவிதாவின் புதுமனை புகுவிழா. அக்காவின் தோழியர் ஐவரும் வந்திருந்தனர். பந்தி தொடங்கும்போது சம்பந்தியம்மாள், கவிதாவின் மாமியார், என்னிடம் வந்து தாழ்ந்த குரலில், "இவங்க எல்லாருக்கும் பெட்ரூம்ல ஏற்பாடு பண்ணியிருக்கேன், ஏசி இருக்கு" என்றார். அவருடைய கரிசனத்தில் எனக்கு ஐயமில்லை. இம்முறை நான் வாய் திறக்கவில்லை. அக்காவைப் பார்த்தேன்.

"ரூம் வேணாம் சம்பந்தி," என்றார் அக்கா. "ஒங்க பக்கத்துல உக்கார்றேன். நா சாப்ட்றதுக்கு நேரமாவும். நீங்க பொறுமையாப் பேசிகினு இருங்க, போதும்."

சம்பந்தியம்மாள் ஒரு கணம் நின்றார். பிறகு அக்காவின் கையைப் பிடித்து அழைத்துச் சென்று முதல் வரிசையில் தம் அருகே உட்காரவைத்தார். ஐவரும் தொடர்ந்து அமர்ந்தனர். பரிமாறுபவர் அப்பளத்தோடு வந்து, அக்காவின் இலையைத் தாண்டிப் போனார்.

"ஏம்பா, எனக்கு?"

"அம்மா, ஒங்களால..."

"போடு. நொறுக்கி ரசத்துல போட்டா அதுவும் சோறுதான்."

புகைப்படக்காரர் வரிசையை எடுத்துக்கொண்டே வந்தார். ஆறு பெண்களும் அமர்ந்திருந்த இடத்தில் கேமராவைத் தாழ்த்தினார். லக்ஷ்மம்மா கூப்பிட்டார்: "பாபு, இக்கட கூடா தீயி. மேமு கூடா பெள்ளிகி வச்சினவாள்ளமே!" எங்களையும் எடு, நாங்களும் கல்யாணத்துக்கு வந்தவர்கள்தாம் என்று பொருள். கல்யாணம் இல்லை, கிரகப்பிரவேசம் என்று யாரோ திருத்த, வரிசை முழுதும் சிரித்தது. கவளம் வாயில் இருந்தவர்கள் மட்டும் சிரிக்கவில்லை.

இம்மலரின் அட்டையில் உள்ளது அப்போது எடுத்த படம். உண்ணும் படத்தை நினைவு மலரில் யாரும் போடுவதில்லை என்றும், நோய்க்கு முந்தைய முகத்தைப் போடலாம் என்றும் சிலர் கனிவோடு சொன்னீர்கள். படத்தைத் தேர்ந்தவர் அக்கா. எனக்குப் பதிலாக நீ ஏன் சரியென்று சொன்னாய் என்று ஒருமுறை கேட்டவர் அவர்.

நோய் திரும்பியபோது அக்கா மருத்துவரிடம் நேரடியாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார். வலி தணிக்கும் சிகிச்சை போதும் என்று தாமே முடிவு செய்தார். செப்டம்பரிலிருந்து வயிற்றில் பொருத்திய குழாய்வழி மட்டும் உணவு. நவம்பர் 9, இரண்டாம் சனிக்கிழமை, தோழியர் அவர் கட்டிலருகே வந்தனர். கொண்டுவந்த பாத்திரங்களைத் திறக்க யாருக்கும் மனம் வரவில்லை. அக்கா சிலேட்டில் எழுதிக் காட்டினார். கவிதா உரக்கப் படித்தாள்: "பட்டினி கெடக்கவா வந்தீங்க? சாப்டுங்க. நான் பாக்கணும்."

அவர்கள் உண்டார்கள். அக்கா ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தார். முடிவில் ஷாஹீன் பேகம் ஹலீமின் மேல் மிதந்த நெய்யில் விரல் தொட்டு அக்காவின் உதட்டில் தடவினார். அடுத்த சனிக்கிழமை காலை, கவிதாவும் நானும் அருகிருக்க, அக்கா அமைதியாக விடைபெற்றார்.

அறுவை செய்த மருத்துவர்களுக்கும், இரவு பகலாகப் பணிபுரிந்த செவிலியருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டுள்ளது. தனியே உண்ணாதீர்கள் என்று சொன்ன ஸ்வாதிக்கு, அச்சொல் எத்தனை தூரம் சென்றது என்பதைத் தெரிவிக்க விரும்புகிறேன். கவிதாவுக்கும் மாப்பிள்ளைக்கும் நன்றி சொல்வது முறையன்று, ஆயினும் சொல்கிறேன். கையைப் பிடித்து அழைத்துச் சென்ற சம்பந்தியம்மாளுக்கு நன்றி. வாசலில் எனக்குத் துணையிருந்த கரீம் சாகிபுக்கு நன்றி. ஷாஹீன் பேகம், லக்ஷ்மம்மா, மற்ற மூவர் ஆகியோர் அக்காவுக்கு இரண்டு ஆண்டுகள் கொடுத்தார்கள். எனக்கு அக்காவைக் கொடுத்தார்கள். இம்மலர் தரப்படும் இன்றைய பகலுணவில் அவர்கள் நம்மோடு முதல் பந்தியில் அமர்கிறார்கள். பக்கத்தில் இடம் கிடைப்போர் அதை ஒரு பேறாகக் கொள்ள வேண்டுகிறேன்.

செய்யப்படாமல் நிற்பவை:

1. அக்கா ஒரு நோட்டில் எழுதிவைத்த சமையல் குறிப்புகளை, மெல்ல இயலாதவர்களுக்காக, தெலுங்கிலும் உருதுவிலும் எழுதுவித்து ஸ்வாதியிடம் சேர்ப்பது.

2. லக்ஷ்மம்மாவின் ஊரில் வாயில் வெண்திட்டு உள்ள அவருடைய தங்கையைப் பரிசோதனைக்கு அழைத்துவருவது. பயணச்சீட்டு எடுத்தாயிற்று, அவர் இன்னும் சம்மதிக்கவில்லை.

3. என் பற்களைக் காட்டிக்கொள்வது. அக்கா நான்கு முறை சொன்னார்.

4. அமீர்பேட்டில் ஒரு பெண்கள் விடுதியில் சமையல் செய்துவந்தவர், முப்பத்தெட்டு வயது, சென்ற ஆண்டு தாடை அறுவைக்குப் பின் அறையை விட்டு வெளியே வருவதில்லை. அக்கா இருமுறை சென்றார். முதல் முறை கதவு திறக்கவில்லை. இரண்டாம் முறை பாதி திறந்தது. மூன்றாம் முறை கவிதா செல்ல வேண்டும். அக்கா அவளுக்குச் சொல்லிவைத்தது: "சாப்பாட்டு நேரமாப் பாத்துப் போ. ரெண்டு தட்டு எடுத்துகினு போ."